ஸ்கேட்டிங் பயிலும் பிள்ளைகளின் பெற்றோர்க்கு ஒரு திறந்த மடல்

ரொறன்ரோவிலும் அதன் சுற்றுப்புற நகரங்களிலும் தம் புதல்வர் புதல்வியரை ஃபிகர் ஸ்கேட்டிங் வகுப்புகளுக்கு அழைத்துச் செல்லும் தமிழ்ப் பெற்றோர் அனைவர்க்கும்,

பனிக்காலத்து விடியற்பொழுதில், உங்கள் வேலைக்குப் புறப்படுவதற்கு முன்னரே பிள்ளையை எழுப்பி ஆயத்தம் செய்து, காலணிப் பையையும் காலை உணவையும் கையிலெடுத்துக்கொண்டு, இருள் பிரியாத வீதிகளில் காரைச் செலுத்திப் பனித்தளத்தை அடைந்து, அங்குள்ள குளிர்ந்த பலகைகளின்மேல் பயிற்சி முடியும்வரை பொறுமையோடு அமர்ந்திருக்கும் உங்களுடைய பிரயாசையை நான் அறிவேன். என் பிள்ளைகளையும், அவர்களுக்குப் பின் பேரப்பிள்ளைகளையும் அத்தகைய தளத்தின் தடுப்புச் சுவரருகே நின்று கவனித்தவன் என்ற முறையிலும், ஆர்வ மிகுதியால் முதியோர் வகுப்பொன்றிற் சேர்ந்து இவ்வித்தையின் பூர்வாங்கப் பாடங்களை ஆசிரியர்களிடம் கேட்டுப் பயின்றவன் என்ற முறையிலும், உங்களோடு மனந்திறந்து பேசுவதற்குச் சிறிது பாத்தியதை எனக்கு உண்டென்று கருதி இம்மடலை எழுதுகிறேன்.

நம் பெற்றோரும் பாட்டன்மாரும் கண்டிராத கலை இது. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ வளர்ந்த ஒருவர், தம் குழந்தை ஒற்றைக் காலில் நின்று உறைந்த நீரின்மேல் பின்னோக்கி வழுக்கிச் செல்வதை முதன்முறையாகக் காணும்போது அடையும் வியப்பு சொல்லுந்தரத்ததன்று. ஆயினும், இக்கலையில் எது மூலம், எது அதிலிருந்து விளைவது என்பதைப் பிறந்த வீட்டுச் சூழலிலேயே கேட்டறியும் வாய்ப்பு நமக்கு இருக்கவில்லையாதலால், ஒலிம்பிக் காலத்தில் தொலைக்காட்சியிற் கண்ட தாவல்களும் சுழற்சிகளுமே இதன் முழு உருவம் என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஆகவேதான், பயிற்சி முடிந்து வெளியே வரும் ஆசிரியரை அணுகி, "எங்கள் மகள் ஆக்ஸல் தாவல் எப்போது செய்வாள்?" என்று கேட்பவர்கள் பலராகவும், "அவளுடைய இடது வெளிவிளிம்பு எப்படி இருக்கிறது?" என்று கேட்பவர்கள் ஒருவரேனும் இல்லாமலும் இருக்கிறார்கள். தாவலைப்பற்றிய அக்கேள்வியின் விளைவு சிறியதன்று. பெற்றோர் எதை விரும்புகிறார்களோ அதைக் கற்பிக்க ஆசிரியர் நெருக்கப்படுகிறார். குழந்தையோ, பெற்றோர் மதிக்காத ஒன்றைத் தானும் மதிப்பதில்லை. கழகம் நடத்தும் ஸ்ட்ரோக்கிங் வகுப்பு, அதாவது பலர் ஒன்றாகத் தளத்தைச் சுற்றிச் சுற்றி உந்திச் செல்லும் அந்தக் கூட்டு அப்பியாசம், ஆள் குறைந்து, நேரம் குறைந்து, சில இடங்களில் அட்டவணையிலிருந்தே மறைந்துவிடுகிறது.

நான் சொல்ல வந்தது இதுவே: உங்கள் பிள்ளையின் வேகமும் வலுவும் சமநிலையும், பார்ப்பதற்குச் சலிப்பூட்டும் அந்த உந்தல் அப்பியாசங்களிலும் விளிம்பு அப்பியாசங்களிலுமே பிறக்கின்றன, தாவல்கள் அவற்றைச் செலவிடுமேயன்றி உண்டாக்குவதில்லை.

இதன் காரணத்தை விளங்கிக்கொள்ளக் காலணியின் அடியிலுள்ள பிளேடைச் சற்றே தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். கத்தியைப்போல் ஒரே கூர்முனை உடையது அது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் அகலமுள்ள எஃகுப் பட்டை. அதன் அடிப்பாகத்தில் நீளவாக்கில் ஒரு மெல்லிய பள்ளம் குடையப்பட்டிருக்கிறது. அப்பள்ளத்தின் இரு கரைகளாக, உட்புறம் ஒன்றும் வெளிப்புறம் ஒன்றுமாக, இரண்டு விளிம்புகள் அமைந்திருக்கின்றன. மேலும் அப்பட்டை முன்னிருந்து பின்னாகவும் இலேசாக வளைந்திருப்பதால், எந்தக் கணத்திலும் அதன் ஒரு சிறு பகுதியே பனியைத் தொடுகிறது. உடலை ஒரு பக்கமாகச் சாய்த்தால் அப்பக்கத்து விளிம்பு பனியைக் கவ்வி, காலை வட்டமொன்றின் வழியே கொண்டு செல்கிறது. வேகம் கூடக்கூட, வட்டம் சிறுக்கச் சிறுக்க, சாய்வும் மிகுந்தாக வேண்டும். அஞ்சி நிமிர்ந்துவிட்டால் விளிம்பு தளர்ந்து, வட்டம் விரிந்து, அழகும் வேகமும் ஒருங்கே போய்விடும். முன்னோக்கியும் பின்னோக்கியும், வலக்காலிலும் இடக்காலிலும், உள்விளிம்பிலும் வெளிவிளிம்பிலுமாகக் கணக்கிட்டால் மொத்தம் எட்டு நிலைகள் உண்டு. ஃபிகர் ஸ்கேட்டிங் என்னும் கலையில் உள்ள யாவும் இந்த எட்டு நிலைகளிலிருந்து புறப்பட்டு இந்த எட்டு நிலைகளுக்கே திரும்புகின்றன.

வேகம் எங்கிருந்து வருகிறது என்பதையும் இதனோடு சேர்த்து நோக்க வேண்டும். பிளேடு தன் நீளவாக்கில் மிக எளிதாக வழுக்கும். பக்கவாட்டில் நகர மறுக்கும். அந்த மறுப்பே நமக்கு ஆதாரம். தரையில் நடப்பவன் காலைப் பின்னோக்கி உதைக்கிறான்; பனியில் அப்படி உதைத்தால் கால் வெறுமனே வழுகும், அல்லது பிளேடின் முன்நுனியிலுள்ள பற்கள் பனியைக் கொத்தும். ஆகையால், உந்தும் பாதத்தைச் சற்று வெளியே திருப்பி, அதன் உள்விளிம்பைப் பனியில் அழுத்தி, உடலைப் பக்கவாட்டிலும் முன்னுமாகத் தள்ள வேண்டும். அப்போது தாங்கும் காலின் முழங்கால் ஆழ மடிந்திருக்க வேண்டும். உந்தும் காலும் மடிந்த நிலையிலிருந்து தொடங்கி முற்றிலும் நீண்டு முடிய வேண்டும். மடிந்த காலுக்கு நீள்வதற்கு இடம் உண்டு; நிமிர்ந்த காலுக்கு அது இல்லை. உந்தலின் நீளமே உந்தலின் வலிமை என்பதால், முழங்காலை மடிக்க மறுக்கும் பிள்ளை எவ்வளவு வேகமாகக் கால்களை மாற்றிப் போட்டாலும் வேகம் பெறுவதில்லை. நன்கு மடித்து, நிதானமாக நீட்டி, ஒவ்வோர் உந்தலிலும் கிடைத்த ஓட்டத்தைக் கெடுக்காமல் ஒற்றைக் காலில் நிலைத்து நிற்கும் பிள்ளையோ, நாலைந்து உந்தலிலேயே தளத்தின் மறுமுனையை நெருங்கிவிடுகிறது. வலுவும் சமநிலையும் வெவ்வேறானவை என்று நாம் பிரித்துப் பேசினாலும், பனியின்மேல் அவை பிரிவதில்லை: ஒற்றைக் காலில் ஸ்திரமாக நிற்கத் தெரியாதவர், மற்றக் காலால் முழுமையாக உந்தவும் துணியமாட்டார்.

இப்போது அப்பியாசங்களைக் கிரமமாக நோக்குவோம். சிறு குழந்தைகள் முதலிற் கற்பது, இரு கால்களையும் பனியைவிட்டு எடுக்காமல் வெளியே விரித்தும் உள்ளே சேர்த்தும் முன்னேறுவது. ஸ்கல்லிங் என்று ஆசிரியர்கள் சொல்வது இதுவே. வேடிக்கை விளையாட்டைப்போல் தோன்றினாலும், உள்விளிம்பை அழுத்தி வேகம் பெறும் ரகசியத்தைக் கால்கள் அறிந்துகொள்வது இங்கேதான். அதன்பின் வட்டத்தின்மேல் ஒரு காலை நிறுத்தி மற்றக் காலால் மட்டும் உந்துதல், பிறகு ஒற்றைக் காலில் நெடுந்தூரம் வழுக்குதல் என்று பாடம் வளர்கிறது. இவற்றைப்பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கனடாவின் ஸ்கேட்டிங் சம்மேளனம் நடத்தும் கான்ஸ்கேட் என்னும் ஆரம்பப் பாடத்திட்டத்தின் ஆறு படிகளிலும் சமநிலை, கட்டுப்பாடு, சுறுசுறுப்பு ஆகிய மூன்றும் முறையாக வகுக்கப்பட்டிருக்கின்றன. சிக்கல் அந்த ஆறாம் படியைக் கடந்தபின் தொடங்குகிறது. அதுவரை அடிப்படையைப் பற்றியே பேசிவந்த வீடு, அன்று முதல் தாவலைப்பற்றி மட்டுமே பேசத் தலைப்படுகிறது.

அந்தப் பருவத்திற்குரிய அப்பியாசங்களுள் கிராஸ்ஓவர் எனப்படும் குறுக்கடி தலையாயது. வட்டத்தில் செல்லும்போது வெளிக்காலை உட்காலின் மேலாகக் கடத்தி வைப்பதே அது என்று காண்பவர் நினைப்பர். கற்பவர் பெரும்பாலோரும் அப்படியே நினைத்து, காலைத் தூக்கி வைப்பதோடு நின்றுவிடுகின்றனர். ஆனால் அதில் இரண்டு உந்தல்கள் உண்டு. முதல் உந்தலை வெளிக்கால் தன் உள்விளிம்பினாற் செய்கிறது. அக்கால் கடந்து சென்று பனியைத் தொட்டபின், அடியில் மறைந்து நிற்கும் உட்கால் தன் வெளிவிளிம்பினால் குறுக்கே நீண்டு இரண்டாம் உந்தலைச் செய்கிறது. இந்த இரண்டாம் உந்தல் பார்வையாளர் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் குறுக்கடியின் ஆற்றலிற் பெரும்பங்கு அதில்தான் அடங்கியிருக்கிறது. ஹொக்கி ஆட்டத்திற்காகத் தளத்தில் வரையப்பட்டிருக்கும், ஏறத்தாழ 9 மீற்றர் விட்டமுள்ள வட்டங்களை ஆசிரியர் இதற்குப் பயன்படுத்துவார். அடுத்தமுறை உங்கள் பிள்ளை அவ்வட்டத்தைச் சுற்றும்போது மேலே கடக்கும் காலைப் பாராமல், அடியில் நீளும் காலைப் பாருங்கள். அது முற்றும் நீண்டு, வட்டத்திற்கு வெளிப்புறமாகப் பனியைத் தள்ளிவிட்டு எழுமாயின், ஆசிரியர் நல்லவர், பிள்ளையும் சிரத்தையுள்ளது என்று கொள்ளலாம். வலப்புறம் சுற்றுவதும் இடப்புறம் சுற்றுவதும் சமமாக நிகழ்கின்றனவா என்பதையும் கவனியுங்கள். ஒவ்வொருவர்க்கும் விருப்பமான பக்கம் ஒன்று உண்டு. விருப்பமற்ற பக்கத்தை விட்டுவிடுவதே எளிது. நல்ல அப்பியாசம் அந்தப் பக்கத்திலேயே அதிக நேரம் தங்கும்.

அடுத்தது, தளத்தின் குறுக்கே ஓடும் நேர்க்கோட்டை அச்சாகக் கொண்டு, வலக்காலில் ஓர் அரைவட்டம், இடக்காலில் ஓர் அரைவட்டம் என மாறி மாறிச் செல்லும் விளிம்பு அப்பியாசம். ஓர் அரைவட்டம் முடிந்து கோட்டைத் தொடும் கணத்தில் உடல் நிமிர்ந்து, சாய்வு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்கு மாற வேண்டும். தோள்கள் எங்கே இருக்க வேண்டும், தூக்கிய கால் எப்போது பின்னிருந்து முன்னுக்கு வர வேண்டும், பார்வை எங்கே செல்ல வேண்டும் என்பவற்றை ஒவ்வொன்றாகப் பழகாமல் இந்த மாற்றம் கைகூடாது. நிதானமாகச் செய்வதே இதில் கடினம். வேகத்தால் மறைக்கக்கூடிய பிழைகள் யாவும் இங்கே வெளிப்பட்டுவிடும். புதிதாக நீரூற்றிச் சமன்செய்த பனியில் இதைச் செய்யும்போது, பிளேடு விட்டுச் சென்ற தடத்தைக் குனிந்து பார்த்தால் உண்மை எழுதிவைத்தாற்போல் தெரியும். ஒற்றைக் கோடாக இருப்பின் பிள்ளை விளிம்பில் சென்றிருக்கிறது. இரட்டைக் கோடாக இருப்பின் இரு விளிம்புகளிலும் தட்டையாக நின்று சென்றிருக்கிறது. ஆசிரியரின் அபிப்பிராயத்திற்குக் காத்திராமல் நாமே சரிபார்த்துக்கொள்ளக்கூடிய ஒரு சான்று அதுவாகும்.

இவை எல்லாவற்றிலும் எனக்கு வியப்பூட்டுவது, ஆசிரியர்கள் பவர் புல் என்று அழைக்கும் அப்பியாசம். ஒரு கால் மட்டுமே பனியில் இருக்கும். மற்றக் கால் காற்றில் இருக்கும். எந்தக் காலும் எதையும் உதைப்பதில்லை. ஆயினும் அந்த ஒரு கால், உள்விளிம்பிலிருந்து வெளிவிளிம்பிற்கும் வெளிவிளிம்பிலிருந்து உள்விளிம்பிற்கும் மாறி மாறி வளைந்து, ஒவ்வொரு வளைவிலும் முழங்காலை மடித்து எழுந்து, பனியை அழுத்தி அழுத்தியே வேகத்தை உற்பத்தி செய்துகொள்கிறது. சரியாகச் செய்பவர், தொடங்கிய வேகத்திலும் மிகுந்த வேகத்தோடு மறுமுனையை அடைவார். தவறாகச் செய்பவர் இடுப்பையும் தோளையும் முறுக்கி நெளிந்து நடுவழியில் நின்றுவிடுவார். தொடையின் வலிமை, கணுக்காலின் நெகிழ்ச்சி, நடுவுடலின் உறுதி, தாளம் ஆகிய நான்கும் ஒருங்கே பரீட்சிக்கப்படும் அப்பியாசம் இதைப்போல் வேறொன்று இல்லை என்பது என் துணிபு. பின்னோக்கிச் செய்யும்போது இதன் பயன் இன்னும் அதிகம்.

திருப்பங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஒற்றைக் காலிலேயே முன்னோக்கிலிருந்து பின்னோக்காகத் திரும்பும்போது பனியில் '3' என்னும் இலக்க வடிவம் பதிகின்ற திருப்பம், அதற்கு எதிர்த்திசையில் சுழலும் பிராக்கெட், வட்டம் மாறியும் விளிம்பு மாறாமலும் செல்லும் ராக்கரும் கவுண்டரும், கால் மாற்றித் திரும்பும் மொஹாக்கும் சாக்டாவும் எனப் பல உள்ளன. இவை அனைத்தும் உடலின் பாரத்தைப் பிளேடின் நடுவிலிருந்து முன்பாகத்திற்கு ஒரு கணம் ஏற்றி, உடனே மீட்டுக்கொள்ளும் நுட்பத்தையே கற்பிக்கின்றன. சமநிலை என்பது அசையாமல் நிற்பது என்று நாம் கருதுகிறோம். இங்கே அது, அசைந்துகொண்டே இருக்கும் ஒரு புள்ளியைக் கணந்தோறும் தேடிப் பிடிப்பதாகும்.

தாவலுக்கும் இவற்றிற்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். டோ லூப், சால்கோ, லூப், ஃபிளிப், லுட்ஸ், ஆக்ஸல் என்னும் ஆறு தாவல்களுக்கும் பொதுவான இறக்கம் ஒன்றே: ஒற்றைக் காலில், பின்னோக்கி, வெளிவிளிம்பில். அவற்றைப் பிரித்தறிவதும் பெரும்பாலும் அவை எழும் விளிம்பைக் கொண்டே. சால்கோவும் ஃபிளிப்பும் பின்னோக்கிய உள்விளிம்பிலிருந்தும், டோ லூப்பும் லூப்பும் லுட்ஸும் பின்னோக்கிய வெளிவிளிம்பிலிருந்தும், ஆக்ஸல் மட்டும் முன்னோக்கிய வெளிவிளிம்பிலிருந்தும் எழுகின்றன. லுட்ஸுக்காக வெளிவிளிம்பிற் சென்றுகொண்டிருந்த பிள்ளை, எழும் தறுவாயில் உள்விளிம்பிற்கு உருண்டுவிட்டால், நடுவர்கள் அதைக் குறித்து மதிப்பெண்ணைக் குறைப்பார்கள். பத்து வயதில் பதிந்த அந்தப் பிழையைப் பதினாறு வயதில் அகற்ற முயன்று கண்ணீர்விட்ட பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். மும்முறை சுழலும் தாவலில் உடல் காற்றில் இருப்பது முக்கால் விநாடிக்கும் குறைந்த நேரம். அக்கணத்தில் செய்யக்கூடியது கைகளையும் கால்களையும் ஒடுக்கிக்கொள்வது மட்டுமே. உயரமும் தூரமும், பனியைவிட்டு எழுவதற்கு முன்பே, வந்த வேகத்தினாலும் மடிந்து நீண்ட முழங்காலினாலும் தீர்மானிக்கப்பட்டுவிட்டன. இறங்கும்போது உடலின் பாரத்தைப்போற் பல மடங்கு விசை ஒற்றைக் காலின்மேல் விழுகிறது. அதை ஏற்று, மெல்ல மடிந்து, பின்னோக்கிய வெளிவிளிம்பில் ஓடவிடுவதற்குப் பழகாத காலுக்கு, தாவல் ஒவ்வொன்றும் ஒரு காயத்தின் விதையாகும்.

முன்னாளில் விளிம்புப் பயிற்சியின் முதன்மையைப்பற்றிச் சந்தேகமே இருக்கவில்லை. வட்டங்களையும் எட்டு வடிவங்களையும் ஒற்றைக் காலில், ஒரே தடத்தின்மேல், திரும்பத் திரும்ப வரையும் கட்டாய வடிவங்கள் என்னும் பிரிவு, உலகப் போட்டிகளில் ஒரு காலத்தில் மொத்த மதிப்பெண்ணில் 60 விழுக்காட்டைப் பெற்றிருந்தது. ஒட்டாவாவிற் பிறந்த பார்பரா ஆன் ஸ்கொட் என்னும் பெண்மணி, அவ்வடிவங்களுக்கான தங்கப் பரீட்சையில் பத்து வயதிலேயே தேறினார். 1948ஆம் ஆண்டு செயின்ட் மோரிட்ஸ் நகரில் திறந்தவெளிப் பனியில் ஒலிம்பிக் தங்கப் பதக்கத்தை வென்றார். பெண்களுக்கான தனிநபர் பிரிவில் கனடாவுக்கு அந்தப் பெருமையைத் தேடித்தந்தவர் அவர் ஒருவரே. பின்னர் 1972ஆம் ஆண்டு சப்போரோவில், கட்டாய வடிவங்களில் ஈடிணையற்று விளங்கிய ஒஸ்ரியப் பெண் பியாட்ரிக்ஸ் ஷூபா, இசையோடு ஆடும் பகுதியில் ஏழாமிடமே பெற்றும் தங்கம் வென்றபோது, அப்பகுதியில் முதலிடம் பெற்ற அமெரிக்கப் பெண் ஜேனட் லின்னுக்கு வெண்கலமே கிடைத்தது. தொலைக்காட்சியிற் கண்ட மக்களுக்கு அது விளங்கவில்லை. அதன்பின் கட்டாய வடிவங்களின் பங்கு படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 1990ஆம் ஆண்டு நம் ஹலிஃபாக்ஸ் நகரில் நடந்த உலகப் போட்டியோடு முற்றிலும் கைவிடப்பட்டது.

போட்டியிலிருந்து அவற்றை நீக்கியது நியாயமே என்று நான் கருதுகிறேன். ஆனால் பயிற்சியிலிருந்தும் அவை நீங்கியபோது ஏற்பட்ட இழப்பைப் பலர் உணரவில்லை. அன்று ஒவ்வொரு பிள்ளையும் நாள்தோறும் மணிக்கணக்கில் ஒற்றைக் காலில் விளிம்பிலேயே நின்றது. விரும்பி நின்றதோ கட்டாயத்தால் நின்றதோ, அதன் கால்களும் முதுகும் அறிய வேண்டியதை அறிந்துகொண்டன. இன்று அந்தக் கட்டாயம் இல்லை. கான்ஸ்கேட்டுக்கு அடுத்ததான ஸ்டார்ஸ்கேட் பாடத்திட்டத்தில் ஸ்கில்ஸ் என்ற பெயரால் திருப்பங்களும் உந்தல்களும் தனிப் பரீட்சைகளாக வைக்கப்பட்டிருப்பது அந்த இடத்தை நிரப்புவதற்காகவே. அப்பரீட்சைகளை நம்மவருட் பலர், தாவல் பரீட்சைக்கு நடுவே வந்த இடையூறாகக் கருதுவது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

உயர்ந்த நிலையை எய்தியவர்கள் இவற்றை விட்டுவிடுகிறார்களா என்று பார்த்தால், அதற்கு மாறான உண்மையை நம் ஊரிலேயே காணலாம். ரொறன்ரோ கிரிக்கெட், ஸ்கேட்டிங், கேர்லிங் கழகத்தில், 1984இலும் 1988இலும் ஒலிம்பிக் வெள்ளி வென்ற பிரையன் ஓர்சரோடு இணைந்து பயிற்றுவிக்கும் டிரேசி வில்சன், 1988ஆம் ஆண்டு கல்கரியில் ராப் மக்கோலுடன் பனிநடனத்தில் வெண்கலம் வென்றவர். அவர் அங்கே நடத்தும் கூட்டு ஸ்ட்ரோக்கிங் வகுப்பில், இரண்டு ஒலிம்பிக் தங்கங்களுக்கு உரியவரான ஜப்பானிய வீரர் யுசுரு ஹன்யூவும், இருமுறை உலக வாகை சூடிய ஸ்பானிய வீரர் ஹவியர் ஃபெர்னாண்டஸும் இளைய மாணவர்களோடு சேர்ந்தே தளத்தைச் சுற்றினார்கள். மிகக் கடினமான நான்கு சுழற்சித் தாவல்களைச் செய்தவர்கள், முழங்காலை மடித்து விளிம்பில் உந்தும் பாடத்திற்குத் தவறாமல் வந்து நின்றார்கள். ஹொங்கொங்கிலிருந்து குடிபெயர்ந்து வந்த பெற்றோரின் மகனாக இந்நகரில் வளர்ந்த பேட்ரிக் சான், சிறுவயதில் ஆஸ்போர்ன் கோல்சன் என்னும் முதுபெரும் ஆசிரியரிடம் பயின்றவர். 2011, 2012, 2013 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து உலக வாகை சூடிய அவரை, தாவல் தவறிய நாட்களிலும் பிறரினின்று வேறுபடுத்திக் காட்டியது விளிம்பின் ஆழமும் ஓட்டத்தின் வேகமுமே. நடுவர்கள் வழங்கும் கலைக்கூறு மதிப்பெண்கள் 2022ஆம் ஆண்டு முதல் மூன்றாகச் சுருக்கப்பட்டபோதும், அம்மூன்றனுள் ஒன்று ஸ்கேட்டிங் திறன் என்பதையும், விளிம்பின் தெளிவு, சமநிலை, ஓட்டம், வலு, வேகம் ஆகியனவே அதன் அளவுகோல்கள் என்பதையும் நீங்கள் அறிந்திருப்பது நல்லது.

பனிக்கு வெளியே செய்யத்தக்கவையும் சில உண்டு. கயிறு தாண்டுதல், ஒற்றைக் காலில் மெல்ல அமர்ந்து எழுதல், சிறு உயரத்திலிருந்து தாவி இறங்கி அசையாமல் மூன்று எண்ணும்வரை நிற்றல் ஆகிய மூன்றும் வீட்டு முன்றிலிலேயே செய்யக்கூடியவை. ஒற்றைக் காலில் அமரும்போது முழங்கால் உட்புறமாகச் சரியாமல், பாதத்திற்கு நேராக முன்னே செல்கிறதா என்று பாருங்கள். அது ஒன்றே போதும். இவற்றுக்கென விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை.

காலணியைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வளரும் பிள்ளை என்பதால் ஓரளவு பெரியதாக வாங்கிவைப்பது நம் குடும்பங்களின் வழக்கம். உடையில் அது சிக்கனம், ஸ்கேட்டிங் காலணியில் அது விபரீதம். பாதம் உள்ளே நகருமாயின் எந்த விளிம்பையும் பிள்ளையால் உணர முடியாது. அதைப்போலவே, உயர்ந்த தாவல்கள் செய்வோர்க்கென ஆக்கப்பட்ட மிக விறைப்பான காலணியை, விலை அதிகமானது சிறந்ததாகத்தான் இருக்கும் என்ற எண்ணத்தால் எடை குறைந்த சிறுமிக்கு வாங்கிக் கொடுத்தால், கணுக்கால் மடியவே மடியாது. கணுக்கால் மடியாதபோது முழங்கால் மடிவதும் பெயரளவிலேயே நிகழும். பிளேடைத் தீட்டும்போது இரு விளிம்புகளும் சம உயரத்தில் உள்ளனவா என்று தீட்டுபவரிடமே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

நம் பிள்ளைகளுட் பலர் வாரத்தில் ஒரு நாள் பரதநாட்டியமும் பயில்கிறார்கள். அங்கே நாம் எவ்வளவு பொறுமையாக நடந்துகொள்கிறோம் என்பதை எண்ணிப் பாருங்கள். தட்டடவும் நாட்டடவும் மூன்று காலங்களிலும் கைவந்தாலன்றி ஆசிரியை அலாரிப்பைத் தொடமாட்டார் என்பதை நாம் அறிவோம். வர்ணம் எப்போது என்று முதல் வருடத்தில் எந்தத் தாயும் கேட்பதில்லை. அரைமண்டி உயர்ந்தால் ஆசிரியையின் தட்டுக்கழி ஓங்கி ஒலிப்பதையும் நியாயமென்றே ஏற்றுக்கொள்கிறோம். அந்த மரபு நம்முடையது என்பதால் அதன் ஒழுங்கு நமக்குப் புரிகிறது. ஸ்கேட்டிங்கின் ஒழுங்கும் அதுவே. அரைமண்டியிற் பழகிய பிள்ளை தொடை வலிமையோடு பனிக்கு வருகிறது என்பதும், இடுப்பு வெளித் திறந்து பழகியிருப்பதால் மொஹாக் திருப்பம் அதற்கு விரைவில் வசமாகிறது என்பதும் கண்கூடு. உந்தும்போது மட்டும், முழங்கால் பக்கவாட்டில் விரியாமல் கட்டைவிரலுக்கு மேலாக முன்னோக்கி மடிய வேண்டும் என்ற வேறுபாட்டைப் பிள்ளைக்கு ஆசிரியர் எடுத்துக் காட்ட வேண்டும். காட்டிவிட்டால், இரண்டு பயிற்சிகளும் ஒன்றுக்கொன்று துணையாகும்.

அவசரம் எதற்கு என்பதையும் சிந்தியுங்கள். சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம், சீனியர் பிரிவிற் போட்டியிடுவதற்கான குறைந்தபட்ச வயதைப் பதினைந்திலிருந்து பதினேழாக உயர்த்த 2022ஆம் ஆண்டில் தீர்மானித்து, அதனைப் படிப்படியாக நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது. சிறுவயதிலேயே கடுந்தாவல்களைச் செய்வித்து, உடல் வளரும் முன்னரே பிள்ளைகளைச் சோர்ந்துபோகச் செய்த முறைக்கு அது ஒரு தடை. உங்கள் மகளுக்கு இன்று ஒன்பது வயதாயின், அவளுக்கு முன்னால் எட்டு ஆண்டுகள் இருக்கின்றன. அவள் ஒருபோதும் போட்டிக்குச் செல்லாவிடினும், நாற்பது வயதில், உறைந்த குளமொன்றில் தன் குழந்தையின் கையைப் பற்றிக்கொண்டு அச்சமின்றி வழுக்கிச் செல்வதற்கு ஆக்ஸல் உதவாது; விளிம்பு உதவும்.

ஆகையால் உங்களிடம் சில வேண்டுகோள்களை வைக்கிறேன். கழகத்தின் ஸ்ட்ரோக்கிங் வகுப்பில் பிள்ளையைச் சேருங்கள். கட்டணம் பலருக்கிடையே பகிரப்படுவதால் அது தனிப்பாடத்திலும் செலவு குறைந்ததே. அவ்வகுப்பு உங்கள் கழகத்தில் இல்லையாயின், ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து அதைக் கேளுங்கள். நாம் கேட்டால் நிர்வாகிகள் செவிசாய்ப்பர். வீடு திரும்பும்போது காரில், "இன்று விழுந்தாயா, தாவினாயா?" என்று கேட்பதற்குப் பதிலாக, "இன்று எந்த விளிம்பு கடினமாக இருந்தது?" என்று கேளுங்கள். ஆசிரியர் ஒரு மாதம் முழுவதும் குறுக்கடியையே திருத்திக்கொண்டிருந்தால், பணம் வீணாகிறதென்று முறையிடாதீர்கள். அவர் உங்கள் பிள்ளைக்காகத் தம்முடைய நற்பெயரையே பணயம் வைத்து உழைக்கிறார், அவருக்கு நன்றி சொல்லுங்கள். வரும் புரட்டாதியில் புதிய பருவத்திற்கான பதிவுகள் தொடங்கும்போது, படிவத்தில் முதலில் அந்த வகுப்பைக் குறியுங்கள்.

அன்புடன்,
உங்களுள் ஒருவன்